புயல் பிய்த்த வராந்தாவும் மேரி அனுமதியும்

2025 பிப்ரவரி 28 அன்று கராங்ஸ் புயல், இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனின் வடபக்கத்தைத் தாக்கியது. தலைநகர் சேன்-தெனியில் எங்கள் அத்தை வீட்டு முன்கூரையில் மூன்று தகரம் பறந்தது. வராந்தா விளிம்பில் வரிசையாகத் தொங்கும் மர வேலைப்பாட்டில், இங்கே அதை லம்ப்ரக்கேன் என்பார்கள், வலப்பக்கம் உடைந்து தெருவில் கிடந்தது. இரண்டு சன்னல் கதவுகள் கீல் கழன்று ஆடின. தெருப்பக்க மரக் கேட்டை (ஊர் வழக்கில் பாரோ) ஏற்கெனவே கறையான் பாதி தின்றிருந்தது. மீதியைக் காற்று கொண்டுபோனது.

மற்றவர்கள் பட்டதைப் பார்த்தால் இது பெரிய சேதமே இல்லை. ஆனால் வீடு இருப்பது கீழ் நகரத்தின் குறுக்குத் தெரு ஒன்றில். பரி தெருவின் பழைய மாளிகைகள் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. பிரான்ஸில் அரசு பதிவு செய்த நினைவுச் சின்னம் ஒன்றிலிருந்து 500 மீட்டருக்குள் உங்கள் வீடு இருந்தால், வெளியே தெரிகிற எதை மாற்றினாலும் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், கேட்க வேண்டியிருக்கும். புதுச்சேரி, காரைக்காலிலிருந்து வந்து இங்கே பழைய கிரியோல் வீடு (இந்தத் தீவின் பழைய பாணி வீடு) வாங்கியவர்கள் சிலர் இதைப் பற்றிக் கேட்டார்கள். நான் செய்ததையும், படித்துத் தெரிந்துகொண்டதையும் எழுதி வைக்கிறேன்.

மாமா சொல்தாவாக (பிரெஞ்சுப் படைவீரராக) இருந்து ஓய்வு பெற்றபின் வாங்கிய வீடு இது. மரச்சட்டம், பலகைச் சுவர், தகரக் கூரை, முன்னால் வராந்தா. நம்மூர்த் திண்ணையில் உட்காருவது போலவே அத்தை தினமும் மாலையில் அதில்தான் உட்காருவார். அத்தையின் பெயரில்தான் வீடு. ஆனால் உரிமையாளரின் சம்மதம் இருந்தால் விண்ணப்பத்தை வேறொருவரும் கொடுக்கலாம், அதனால் என் பெயரில் கொடுத்தோம்.

புயல் ஓய்ந்ததும் தார்ப்பாய் போடுவதற்கு முன்னால் படம் எடுத்தேன். கூரை, விளிம்பு, ஒவ்வொரு கதவு, எதிர்த் தெருவில் நின்று முழு முகப்பு. காப்பீட்டுக்கும் அதே படம்தான், மேரிக்கும் அதே படம்தான். உடைந்த லம்ப்ரக்கேன் துண்டுகளையும் பொறுக்கி உள்ளே வைத்தேன். தெருவைச் சுத்தம் செய்யும் வண்டி வருவதற்குள் இதைச் செய்தாக வேண்டும். அந்தத் துண்டுகள் இல்லையென்றால், 'முன்பு இருந்தது போலவே செய்கிறேன்' என்று பிறகு எப்படிச் சொல்வது?

இனி விதிகள். நினைவுச் சின்னங்களுக்கான அடிப்படைச் சட்டம் 1913 டிசம்பர் 31-இல் வந்தது. சின்னத்தைச் சுற்றி 500 மீட்டர் என்பதை 1943-இல் சேர்த்தார்கள். 2016 ஜூலை 7-ஆம் தேதிச் சட்டம் அதைக் கொஞ்சம் மாற்றியது: வட்டத்துக்குப் பதிலாக, இடத்துக்குப் பொருத்தமாக ஓர் எல்லையை வரைந்துகொள்ளலாம். அப்படி வரைந்த எல்லைக்குள் இருந்தால் பேச்சே கிடையாது, எல்லா வீட்டுக்கும் ஒரே கட்டுப்பாடு. வரையாத இடத்தில் பழைய 500 மீட்டர்தான், கூடவே ஒரு நிபந்தனை: சின்னத்திலிருந்து பார்த்தால் வீடு தெரிய வேண்டும், அல்லது வேறு ஓர் இடத்திலிருந்து இரண்டும் ஒரே பார்வையில் விழ வேண்டும். தெரிகிறதா இல்லையா என்பதை முடிவு செய்பவர் ஆ.பே.எஃப். எனப்படும் அரசுக் கட்டடக் கலைஞர். தெரிகிறது என்றால் அவர் சொல்லை மீறி மேரி அனுமதி கொடுக்க முடியாது. தெரியவில்லை என்றால் அவர் சொல்வது வெறும் ஆலோசனை. அவர் முடிவு ஒத்துவரவில்லை என்றால் அரசின் பிரதிநிதியான பிரெஃபேயிடம் முறையிட வழி இருக்கிறது. எனக்கு அது தேவைப்படவில்லை.

உங்கள் வீடு எந்த வளையத்தில் இருக்கிறது என்பதைக் கலாச்சார அமைச்சகத்தின் 'அத்லாஸ் தே பத்ரிமுவான்' வரைபடத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மனையின் எண்ணும் வரைபடமும் கதாஸ்த்ர் என்ற அரசு நிலப்பதிவுத் தளத்தில் கிடைக்கும். நகரத்தின் பே.எல்.உ. எனப்படும் நகரமைப்புத் திட்டத்தில் உங்கள் வீட்டையோ வேலியையோ தனியாகப் பட்டியலிட்டிருக்கிறார்களா என்றும் பார்த்துவிடுங்கள். 500 மீட்டருக்கு வெளியே இருந்தாலும் அது தனிக் கட்டுப்பாடு.

அத்தையிடம் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருந்தது. சன்னல் மரக்கதவுகளை எடுத்துவிட்டு அலுமினியம். பாரோ இருந்த இடத்தில் தள்ளித் திறக்கும் தகரக் கேட், வெளியிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. சுவருக்கு மாம்பழ மஞ்சள். கூரையில் சூரிய வெந்நீர். முன் முற்றத்து மூலையில் சைக்கிளும் காஸ் சிலிண்டரும் வைக்க ஒரு சின்னக் கொட்டகை. பின்னால் சாய்ந்து நிற்கிற பழைய அடுப்படியைத் தரைமட்டமாக்குவது. லம்ப்ரக்கேன் பட்டியலிலேயே இல்லை. "போனது போகட்டும்டா, அதுல தூசிதான் சேருது" என்றார்.

இதை மூன்றாகப் பிரித்தேன். இப்படிப் பிரிப்பதுதான் முழு வேலையிலும் முக்கியமான படி என்று இப்போதும் நினைக்கிறேன். பலர் வேலையின் அளவைப் பார்க்கிறார்கள். சின்ன வேலைதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்கிறார்கள். சட்டம் அளவைப் பார்ப்பதில்லை. வெளித்தோற்றம் மாறுகிறதா என்றுதான் பார்க்கிறது. சமையலறை உள்கூரை முழுவதையும் பிரித்துப் போட்டாலும் கேள்வி இல்லை. ஒரே ஒரு சன்னலை மரத்திலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாற்றினால் கேள்வி உண்டு.

முதல் வகை, வீட்டுக்கு உள்ளே செய்பவை: வயரிங், உள்கூரைப் பலகை, கூரைச் சட்டத்தைச் சுவரோடு கட்டும் இரும்புப் பட்டை. இவற்றுக்கு எந்தத் தாளும் வேண்டாம். வீடே நினைவுச் சின்னமாகப் பதிவானது என்றால் கதை வேறு; சுற்றுவட்டத்தில் இருக்கிற சாதாரண வீட்டுக்கு உள்ளே யாரும் வருவதில்லை. இரண்டாவது, இருந்ததை இருந்தபடி பழுது பார்ப்பது. வழக்கமான பராமரிப்புக்கு அறிவிப்பு தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது. உடைந்த பலகைக்கு அதே மரம், அதே அளவு, அதே நிறம் என்றால் செய்துகொள்ளலாம். மூன்றாவது, மாற்றம். அதற்குத்தான் 'தெக்லரசியோன் பிரெயலாப்ல்' என்ற முன்னறிவிப்பு விண்ணப்பம்.

இங்கே சில பொறிகள் இருக்கின்றன. சுவருக்கு வண்ணம் அடிப்பதற்கு 2014 ஏப்ரல் முதல் பொதுவாக அறிவிப்பு தேவையில்லை, ஆனால் பாதுகாக்கப்பட்ட பகுதியில் இன்னமும் தேவை. தம்போன் பக்கத்தில் என் நண்பர் 4 சதுர மீட்டர் கொட்டகை போட்டார், யாரையும் கேட்கவில்லை. 5 சதுர மீட்டருக்குள் என்றால் அங்கே அது சரிதான். சின்னத்தின் சுற்றுவட்டத்தில் அந்த 5 சதுர மீட்டர் சலுகை கிடையாது, கோழிக்கூடு அளவு என்றாலும் விண்ணப்பம் வேண்டும். வேலியும் கேட்டும் அப்படியே. எல்லாவற்றையும்விட அத்தையைக் கோபப்படுத்தியது அடுப்படி விவகாரம். மற்ற இடங்களில் பெரும்பாலும் கேட்காமலே இடிக்கலாம். இங்கே இடிப்பதற்கென்றே தனி அனுமதி, 'பெர்மி த தெமோலிர்'.

"என் அடுப்படியை நான் இடிக்க அவன் யார்? நம்ம கோயில் கோபுரத்துக்கு எட்டு கலர் அடிச்சாங்களே, அதுக்கு யாராவது கேட்டானா?"

கோயிலானாலும் இதே சட்டம்தான் அத்தை என்றேன். அந்தப் பேச்சு அதோடு நிற்கவில்லை, நாலைந்து மாலைகள் ஓடியது. மீறினால் என்ன ஆகும் என்று கேட்டார். அபராதம் 1,200 யூரோவில் தொடங்குகிறது; கட்டிய பரப்பு என்றால் சதுர மீட்டருக்கு 6,000 வரை, மற்றபடி 3,00,000 வரை போகலாம். வீட்டுச் சன்னலுக்கு எவரும் மூன்று லட்சம் போடப் போவதில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் வீட்டை விற்கிற நாளில் நோத்தேர் (சொத்துப் பத்திரம் எழுதும் அதிகாரி) பழைய அனுமதித் தாள்களைக் கேட்பார். அந்தப் பேச்சு அத்தையிடம் எடுபட்டது.

தகரக் கூரை இரண்டுக்கும் நடுவில் இருந்தது. மூன்று தகரம் மட்டும் என்றால் பழுது. ஆனால் மீதித் தகரமும் துருப்பிடித்து ஓட்டை விழும் நிலையில் இருந்தது, முழுச் சரிவையும் மாற்றுவதுதான் புத்தி. அதே நெளி, அதே நிறம்தான் என்றாலும் அதையும் விண்ணப்பத்தில் சேர்த்தேன். ஒரு வரி கூடுதலாக எழுதுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

வரைபட வேலைக்குத்தான் அதிக நேரம் ஆனது, ரம்பம் பிடித்த நேரத்தைவிட அதிகம். விண்ணப்பத்தோடு கேட்பவை: வீடு ஊரில் எங்கே இருக்கிறது என்ற வரைபடம், மனைக்குள் எங்கே இருக்கிறது என்ற வரைபடம், முகப்பும் கூரையும் இப்போது எப்படி, பின்பு எப்படி என்ற படங்கள், வேலை முடிந்தபின் தெருவில் எப்படித் தெரியும் என்ற ஒட்டுப்படம், அருகிலிருந்து ஒரு புகைப்படம், தூரத்திலிருந்து ஒன்று. சுற்றுவட்டத்தில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு குறிப்பு: என்ன பொருள், எப்படிச் செய்யப் போகிறீர்கள் என்று எழுத வேண்டும்.

இந்த அளவு வேலைக்கு ஆர்க்கிடெக்ட் கட்டாயமில்லை. டேப்பும், நீளமான மூங்கிலும், ஒருவர் மறுமுனையைப் பிடிக்கவும் இருந்தால் போதும். முகப்பை 1/50 அளவில் வரைந்தேன். ஒட்டுப்படத்துக்குக் கணினி வித்தை எதுவும் செய்யவில்லை. தெருவில் எடுத்த புகைப்படத்தைப் பெரிதாக அச்சடித்து, மேலே டிரேசிங் தாள் வைத்து, புதுப் பாரோவையும் கதவுகளையும் பென்சிலால் வரைந்து, கலர் கொடுத்து ஸ்கேன் செய்தேன். அளவு பிசகாமல் இருப்பதுதான் முக்கியம். 2022 ஜனவரி முதல் எல்லா மேரியும் இணையத்தில் விண்ணப்பம் வாங்கியாக வேண்டும், அதனால் எல்லாவற்றையும் பி.டி.எஃப். ஆக அனுப்பலாம்.

அனுப்புவதற்கு முன்னால் சே.ஆ.உ.ஏ. என்ற கட்டட ஆலோசனை அமைப்பில் நேரம் கேட்டு வாங்கிப் போனேன். வீடு கட்டுகிற, திருத்துகிற தனியாட்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்வது அவர்கள் வேலை. படங்களைப் பார்த்த அம்மையார் முதலில் கேட்ட கேள்வியே, "பக்கத்து வீடுகள் எங்கே?" என்பது. நான் எடுத்திருந்த படங்களில் எங்கள் வீடு மட்டும்தான் இருந்தது. தெரு முழுவதும் வரிசையாகத் தெரியும்படி ஒரு படம் வேண்டும், ஏனென்றால் ஆ.பே.எஃப். பார்ப்பது தெருவை. அடுத்தது, குறிப்பில் 'மரக்கதவைப் புதுப்பித்தல்' என்று எழுதியதை அடித்துவிட்டு, எந்த மரம், பட்டியின் அகலம் என்ன, கீல் எந்த வகை, நிறத்தின் எண் என்ன என்று எழுதச் சொன்னார். நிறத்துக்கு எண் இல்லாமல் 'வெளிர் மஞ்சள்' என்று எழுதினால் அவரவர் மனதில் அவரவர் மஞ்சள்.

அலுமினியச் சன்னலை நானே விட்டுவிட்டேன். சட்டத்துக்குப் பயந்து மட்டும் இல்லை. விலை விசாரித்தபோதுதான், பட்டிக் கதவுகளை எடுத்துவிட்டு மூடிய கண்ணாடி வைத்தால் அடுத்ததாக ஏ.சி. வாங்க வேண்டும் என்பது உறைத்தது. சாத்தியிருந்தாலும் காற்று உள்ளே வரும் கதவு இங்கே தை மாதப் புழுக்கத்தில் எவ்வளவு பெரிய விஷயம் என்பது, பின்பக்க அறையில் முந்தைய உரிமையாளர் வைத்துப்போன நாக்கோவைத் துடைத்தவர்களுக்குத் தெரியும். நாக்கோ என்றால் நெம்புகோலால் திறக்கும் கண்ணாடிப் பட்டிகள். மழையில் ஒழுகும், புயலில் உடையும்.

சாதாரணமாக முன்னறிவிப்புக்கு ஒரு மாதக் கெடு. சின்னத்தின் சுற்றுவட்டம் என்றால் இன்னொரு மாதம் கூடும். ஏதாவது தாள் குறைந்தால் முதல் மாதத்துக்குள் கேட்பார்கள். கொடுக்க மூன்று மாதம் உண்டு. எல்லாம் சேர்ந்த நாளிலிருந்துதான் கெடு ஓடும். மூன்று மாதத்தில் கொடுக்காவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி. புயலுக்குப் பிறகு பழுதுக்கு அவசரப்படுகிற வீட்டில் இந்தக் கணக்கை முதல் நாளே போட்டுவிட வேண்டும். எங்களுக்கு ஒரு சௌகரியம்: மே முதல் அக்டோபர் வரை மழை குறைவு, குளிர் காலம். மர வேலைக்கும் பெயிண்டுக்கும் அதுதான் நேரம். தார்ப்பாய் அதுவரை தாங்கியது.

பதில் வந்தது: மறுப்பில்லை, ஆனால் நிபந்தனைகளோடு. பட்டிக் கதவு மரத்திலேயே சரி. லம்ப்ரக்கேன் பழைய வடிவிலேயே, முழு நீளத்துக்கும். பாரோ அடைத்த தகரமாக வேண்டாம். அடியில் பலகை, மேலே இடைவெளி விட்ட கம்புகள், முன்பு இருந்த மாதிரி. சுவருக்கு மாம்பழ மஞ்சளைவிட வெளிறிய நிறம், கதவுகளுக்கு அடர்ந்த நிறம். சூரிய வெந்நீர்த் தகடு பின்சரிவில் கூரையோடு ஒட்டினாற்போல், தண்ணீர்த் தொட்டி கூரைமேல் கூடாது. கொட்டகை முன்முற்றத்தில் வேண்டாம், பக்கவாட்டில் வைக்கலாம்.

தொட்டி விஷயம் மட்டும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல். தெருவில் எத்தனையோ கூரைகளில் தொட்டி உட்கார்ந்திருக்கிறது. மேலே தொட்டி, கீழே தகடு என்றால் வெந்நீர் தானாக மேலேறும், பம்ப் தேவையில்லை. அதுதான் இந்த ஏற்பாட்டின் அழகே. தொட்டியைத் தரையில் வைத்தால் பம்ப், கட்டுப்பாட்டுப் பெட்டி, கூடுதல் செலவு, கூடுதலாகக் கெட்டுப்போக ஒரு பொருள். ஆனால் புயலில் கூரைமேல் 200 லிட்டர் தண்ணீரோடு தொட்டி இல்லாதது நல்லதுதானே என்று தச்சர் சொன்னபோது மறுத்துப் பேச எனக்கு ஒன்றும் இல்லை. பின்சரிவு வடக்கு நோக்கியது எங்கள் அதிர்ஷ்டம். பூமத்திய ரேகைக்குத் தெற்கே சூரியன் வடபக்கம்தான் அதிகம் போகும், தகடும் வடக்கு பார்த்தே இருக்க வேண்டும். முகப்பு வடக்கே பார்த்த எதிர்வரிசைக்காரர்களுக்கு இதே நிபந்தனை வந்தால் பாடு திண்டாட்டம்.

அனுமதி வந்த கையோடு அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். நீள அகலம் 80 சென்டிமீட்டருக்கு மேல், தெருவிலிருந்து படிக்கும்படி, வேலை முடியும் வரை. பலகை வைத்த நாளிலிருந்து இரண்டு மாதம் அக்கம்பக்கத்தார் ஆட்சேபம் சொல்லலாம். பலகையே வைக்காவிட்டால் அந்த இரண்டு மாதம் ஆரம்பிப்பதே இல்லை, அதனால் அதையும் தேதி தெரியும்படி படம் எடுத்து வைத்தேன். அனுமதி 3 வருடம் செல்லும்.

வேலைக்கு வந்த தச்சர் இங்கேயே ஐந்தாறு தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பத்தவர். பேச்செல்லாம் தீவின் கிரியோல் மொழி, தமிழ் கோயில் பாட்டில் மட்டும். நான் அவரைத் தோந்தோன் (மாமா, சித்தப்பா என்ற அர்த்தம்) என்று கூப்பிடுவேன். தீமிதிக்கு விரதம் இருக்கும் நாட்களில் வேலைக்கு வர மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார், அதற்கேற்ப வேலையைப் பிரித்துக்கொண்டோம். பெரிய மர வேலை அவர், அறுப்பதும் தேய்ப்பதும் பூசுவதும் நான்.

பழைய பெயிண்டைச் சுரண்டுவதில்தான் தொடங்கினோம். 1949-க்கு முந்திய வீடு என்றால் ஈயம் கலந்த பெயிண்ட் இருக்கும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். விற்கும்போது ஈயப் பரிசோதனை கேட்கிற வருடக் கோடும் அதுதான். உலர்ந்த நிலையில் மெஷின் வைத்துத் தேய்க்கக் கூடாது, தீ காட்டிச் சுரண்டவும் கூடாது. தூசியும் புகையும் இரண்டுமே விஷம். தண்ணீர் தெளித்து, ஈரத்தோடு கையால் சுரண்டினேன். கீழே பிளாஸ்டிக் விரிப்பு, முகத்தில் பி3 முகமூடி, சுரண்டியதைப் பையில் கட்டித் தனியாக ஒப்படைத்தேன். அத்தை வீட்டுக்கு வரும் பேரக் குழந்தைகளை அந்த வாரங்களில் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

அடுத்து லம்ப்ரக்கேன். உடையாத இடப்பக்கத்தில் காகிதம் ஒட்டி, கரியால் தேய்த்து வடிவத்தை எடுத்தேன். ஒரு வடிவம் 16 சென்டிமீட்டர், அதுவே திரும்பத் திரும்ப வருகிறது. பொறுக்கிவைத்த துண்டுகளோடு ஒப்பிட்டபோது பழைய வேலைக்காரர் ஒவ்வொன்றையும் கையால் அறுத்திருப்பது தெரிந்தது, ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம். சராசரி எடுத்து, மெல்லிய பிளைவுட்டில் அச்சு வெட்டினேன்.

கடையில் அலுமினிய லம்ப்ரக்கேன் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது, வருடக்கணக்கில் கெடாது. முழு வீட்டுக்கும் புதிதாக வைப்பதானால் நானும் யோசித்திருப்பேன். பாதி மரம் மீதமிருக்கும் வீட்டில் அது தனியாகப் பல்லைக் காட்டும். மரத்துக்கு முதலில் நினைத்தது இந்தத் தீவின் மலைப்பகுதி மரமான தமரேன் தே ஒ. பழைய வீடுகளின் பார்தோ, அதாவது சுவரிலும் கூரையிலும் செதில் செதிலாக அடிக்கும் சிறு பலகைகள், அதில்தான் செய்தார்கள். விலை நம் கைக்கு எட்டவில்லை. தோந்தோன் சொன்னபடி, இங்கேயே நட்டு வளர்த்து அறுக்கும் கிரிப்தொமேரியா பலகை வாங்கினோம். லேசான மரம், சுலபமாக அறுபடும், ஆனால் மென்மை. பூச்சு தவறினால் சீக்கிரம் போய்விடும்.

அறுக்கும் முறை இது. பலகையில் அச்சை வைத்துப் பென்சிலால் வரைந்து, முதலில் உள்வட்டத் துளைகளை டிரில்லில் போட வேண்டும். அடியில் வேறொரு கட்டையை வைத்துப் போட்டால் பின்பக்கம் சிம்பு பிய்யாது. பிறகு ஜிக்சா ரம்பத்தால் வளைவுகள். வளைவைத் துளையிலிருந்து தொடங்கினால் ரம்பம் திரும்ப இடம் கிடைக்கும். நுனிகளைக் கூர்மையாக விட வேண்டும், அழகுக்காக மட்டும் இல்லை. கூரை விளிம்பில் வழிகிற மழை பலகை மேல் இறங்கி அந்த நுனிகளில் திரண்டு சொட்டுச் சொட்டாக விழும். நேர்க்கோட்டில் முடியும் பலகையில் தண்ணீர் அடிவிளிம்பு முழுவதும் தொற்றிக்கொண்டு மரத்தை ஊறவைக்கும். பக்கத்துத் தெருவில் ஒருவர் வெறும் பலகையை அடித்து வைத்திருக்கிறார், அடிவிளிம்பு கறுத்துப் போயிருக்கிறது.

மாட்டுவதற்கு முன்னால் எல்லாப் பக்கமும் பிரைமர், நார் வெட்டுப்பட்ட விளிம்புகளுக்கு இரண்டு முறை. தண்ணீர் உள்ளே போவது அந்த வழியாகத்தான். ஆணிக்குப் பதில் ஏ4 வகைத் துருப்பிடிக்காத ஸ்க்ரூ. கடல் பக்கத்தில் சாதாரண ஸ்க்ரூ ஒரே வருடத்தில் மரத்தில் பழுப்புக் கண்ணீர் விடும். பலகையின் மேல் விளிம்பு மறையும்படி ஒரு மெல்லிய துத்தநாகத் தகட்டை மடித்துப் போட்டோம். தெருவிலிருந்து அது கண்ணுக்குத் தெரியாது.

கூரையில் சொல்ல வேண்டியது இரண்டு மூன்றுதான். காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து அடிக்கிறது, அதனால் மேற்கு ஓரத்திலிருந்து தகரம் போட்டுக்கொண்டு வந்தால் மேல்பொருத்தின் (ஒரு தகரம் அடுத்ததன் மேல் ஏறும் இடம்) வாய் காற்றுக்கு எதிர்ப்பக்கமாக அமையும். ஸ்க்ரூ நெளியின் மேட்டில்தான், பள்ளத்தில் அல்ல. ஓரங்களிலும் உச்சியிலும் எல்லா மேட்டிலும், நடுவில் ஒன்றுவிட்டு ஒன்று. செம்பு உப்பு ஏற்றிய பச்சை நிறக் கட்டைமேல் துத்தநாகத் தகரத்தை நேராகப் படுக்கவைத்தால் தகரம் அரிக்கும், நடுவில் ரப்பர் பட்டை வேண்டும். உள்ளே ஒவ்வொரு சாய்சட்டத்தையும் சுவர்ச் சட்டத்தோடு இரும்புப் பட்டையால் கட்டினோம். புயலில் பறந்த மூன்று தகரமும் பட்டையில்லாத மூலையில் இருந்தவை. அனுமதி எதுவும் கேட்காத இந்த வேலைதான் அடுத்த புயலுக்கு நிஜமான காப்பு.

கதவுகளில் பட்டிகள் நன்றாகவே இருந்தன, அடிச்சட்டம் மட்டும் மக்கியிருந்தது. தோந்தோன் மக்கியதைச் சாய்வாக அறுத்து எடுத்துவிட்டு, புது மரத்தை அதே சாய்வில் சேர்த்து ஒட்டி, மரக்குச்சி அடித்தார். பெயிண்ட் அடித்தபின் ஒட்டு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. நான்கு கதவுக்கு இந்தப் பழுது, ஒரு அலுமினியச் சன்னலின் விலைகூட ஆகவில்லை. பாரோவை அவர் தன் பட்டறையிலேயே செய்து கொண்டுவந்து மாட்டினார். அத்தை கேட்ட மறைப்புக்கு, கம்புகளின் பின்னால் செம்பருத்தி நட்டோம். செடிக்கு அனுமதி வேண்டாம்.

நிறம் தேர்ந்தெடுத்ததில் அத்தை முழுதாகத் தோற்கவில்லை. சுவர் வெளிறிய மஞ்சள், கதவும் பாரோவும் கரும்பச்சை, லம்ப்ரக்கேன் வெள்ளை. மாம்பழ மஞ்சள் சமையலறைக்கு உள்ளே போனது.

வேலை முடிந்ததும் முடித்துவிட்டோம் என்ற அறிவிப்பு, சுருக்கமாக தாக்த், கொடுக்க வேண்டும். மற்ற இடங்களில் அதற்குப் பிறகு மேரிக்கு மூன்று மாதம். இங்கே வந்து பார்த்தே ஆகவேண்டும் என்பதால் ஐந்து மாதம் வரை எடுத்துக்கொள்ளலாம். அனுமதித் தாள், பலகைப் படம், பெயிண்ட் எண், பிளைவுட் அச்சு எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு வைத்தேன். அடுத்த புயலுக்குப் பிறகு அச்சைத் திரும்ப வெட்ட வேண்டாம் பாருங்கள்.

பின்கட்டு அடுப்படி மட்டும் பாக்கி. அதன் கூரை போய்விட்டது, ஆனால் கல் சுவர் உறுதியாக நிற்கிறது என்கிறார் தோந்தோன். இடிக்க அனுமதி கேட்பதைவிட, சுவரை வைத்துக்கொண்டு கூரை மட்டும் போட்டு சைக்கிளையும் காஸ் சிலிண்டரையும் அங்கேயே வைத்தால் பக்கவாட்டுக் கொட்டகையே தேவைப்படாது என்பது என் கணக்கு. அளவெடுத்து வரைந்தாயிற்று. "கூரை போட்டா விறகடுப்பையும் திரும்ப வெச்சிடலாம்டா" என்று அத்தை புதிதாக ஒன்று ஆரம்பித்திருக்கிறார். புகைபோக்கி வெளியே தெரியும். அதையும் படத்தில் சேர்க்க வேண்டும்.